பழைய எம்.எம்.540 ஜீப்புக்கு எந்த ரேடியேட்டர்? மலைப்பாதையில் சில ஆண்டுகள் ஓட்டிப் பார்த்தபின்

மலையில் ஊர்ந்து ஏறுவதையே வேலையாகக் கொண்ட பழைய ஜீப்புக்கு ரேடியேட்டர் மாற்றும் நிலை வந்தால், பழைய பித்தளை டேங்குகள் நல்ல நிலையில் இருக்கும்வரை அவற்றை வைத்துக்கொண்டு புதிய செப்புக் கோர் (நீர் ஓடும் குழாய்களும் அவற்றோடு ஒட்டிய மெல்லிய தகடுகளான ஃபின்களும் சேர்ந்த நடுப்பகுதி) போடுவதே சிறந்தது. என் வண்டிக்கு அப்படித்தான் செய்தேன். போடிமெட்டு, பூப்பாறை, சூரியநெல்லி வட்டாரத்தில் மழையிலும் வெயிலிலும் சில ஆண்டுகள் ஓட்டிய பிறகும் அந்த முடிவு சரியென்றே நிற்கிறது. எந்தப் பயன்பாட்டுக்கு அது சரி, எதற்குப் பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வண்டி மஹிந்திரா எம்.எம்.540. அதில் இருப்பது பெஜோ எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் எஞ்சின், 2,112 சிசி, டர்போ கிடையாது. எரிபொருள் முதலில் ஒரு சிறு முன்னறையில் எரிந்து, பிறகு சிலிண்டருக்குள் வரும் பழைய வகை. இன்றைய நேரடிப் பீய்ச்சல் எஞ்சின்களை ஒப்பிட்டால் இந்த அமைப்பில் எரிப்பின் வெப்பத்தில் கூடுதல் பங்கு குளிர்நீருக்குப் போய்விடும். ஆகவே எஞ்சின் சிறியதாக இருந்தாலும் ரேடியேட்டருக்கு வேலை அதிகம்.

போடியிலிருந்து மெட்டு வரையுள்ள 17 கொண்டை ஊசி வளைவுகள் இந்த வண்டிக்குப் பெரிய சோதனையே இல்லை. தார்ச்சாலை, ஓரளவு வேகம் இருக்கும், எதிர்க்காற்று கிடைக்கும். சோதனை அதற்கு மேலே ஏலத்தோட்டப் பாதைகளில்தான் தொடங்குகிறது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் கற்பாதையைப் பார்த்தவர்களுக்குப் புரியும். நான்கு சக்கர இயக்கத்தில், தாழ் கியரில், ஆள் நடக்கும் வேகத்தில் எஞ்சின் முக்கிக்கொண்டே ஏறும். முன்னால் இருந்து காற்று என்று ஒன்றுமே வராது. ஃபேன் இழுப்பது மட்டும்தான் காற்று. ரேடியேட்டர் நல்லதா கெட்டதா என்பதை இங்கேதான் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலையில் எண்பதில் ஓட்டி "வெப்பநிலை முள் ஏறவே இல்லை" என்று சொல்லும் சான்றிதழ் நம் பாதைக்கு உதவாது.

ரேடியேட்டர்மீது பழி போடுவதற்கு முன் மற்றவற்றைப் பார்த்துவிட வேண்டும். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம், சூட்டுக்கேற்ப நீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் பாதியில் சிக்கியிருக்கலாம், வாட்டர் பம்ப்பின் இறக்கைகள் அரித்துப் போயிருக்கலாம். குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யும்போது கழுத்தில் நீர்க்குமிழி விடாமல் வந்துகொண்டிருந்தால் எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவேயுள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். அதற்குப் புது ரேடியேட்டர் மருந்தாகாது. என் வண்டியில் இவையெல்லாம் சரியாக இருந்தன. எஞ்சின் சூடான பிறகு துப்பாக்கி வடிவ வெப்பமானியைக் கோரின் முகத்தில் இடமிருந்து வலமாக நகர்த்தினேன். நடுவில் நல்ல சூடு, வலது ஓரத்தில் அகலமான ஒரு பட்டை மட்டும் ஏறக்குறைய குளிர்ந்தே கிடந்தது. அந்தக் குழாய்களில் நீர் ஓடவில்லை என்று அர்த்தம்.

போடியில் பழைய ரேடியேட்டர் பட்டறை ஒன்றில் கழற்றிக் கொடுத்தேன். அண்ணன் டார்ச்சைப் பற்றவைத்து, மேல் டேங்கைச் சுற்றியிருந்த ஈயத்தை இளக்கி, மெல்லத் தூக்கி எடுத்தார். உள்ளே தெரிந்த காட்சியை ஜீப் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறை பார்க்க வேண்டும். தட்டையான குழாய் வாய்கள் வரிசையாக இருந்தன. வலப்பக்கத்து வாய்கள் அனைத்தும் வெள்ளைச் சுண்ணாம்பால் அடைத்திருந்தன. முந்தைய உரிமையாளர் காலம் முழுவதும் போர் தண்ணீர் குடித்த வண்டி. ராடு விட்டுக் குத்திச் சுத்தம் செய்யலாம் என்றால், ஃபின்கள் இடம் தரவில்லை. விரல் நகத்தால் தொட்டதுமே பச்சைக் களிம்போடு பொடியாக உதிர்ந்தன. "தம்பி, கோர் முடிந்துவிட்டது. டேங்க் இரண்டும் தங்கம் மாதிரி இருக்கின்றன, தூக்கிப் போட்டுவிடாதே" என்றார். ஃபின் குழாயோடு ஒட்டியிருக்கும் வரைதான் அது ஃபின். ஒட்டு விட்டுப்போனால், வெளித்தோற்றம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், குழாயின் வெப்பம் காற்றுக்கு வந்து சேராது.

இனி என்ன போடுவது? என் முன்னே மூன்று வழிகள் இருந்தன. பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினிய ரேடியேட்டர் எடை குறைவு, விலையும் குறைவு. இன்றைய கார்கள் அனைத்தும் ஏறக்குறைய இதில்தான் ஓடுகின்றன. அதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அந்த டேங்க், கோரின் விளிம்பை மடித்து நடுவில் ரப்பர் வைத்து இறுக்கப்பட்டது. ஜீப்பின் சட்டம் கற்பாதையில் முறுக்கிக்கொள்ளும்போது அந்த இணைப்பும் சேர்ந்து வருந்தும். தெரிந்தவர் ஒருவரின் வண்டியில் இப்படிப் பொருத்திய ஒன்று, சாந்தன்பாறைக்குப் பக்கத்தில் மேல் ஹோஸ் கழுத்தருகே விரிசல் விட்டுவிட்டது. பிளாஸ்டிக்கில் விரிசல் விழுந்தால் பட்டறையில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. முழுதாக மாற்றியே ஆக வேண்டும்.

முழு அலுமினியத்தில் அளவெடுத்துச் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். செம்பு அலுமினியத்தைவிட வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்பது உண்மை. ஆனால் அலுமினியக் குழாய்களை அகலமாகச் செய்ய முடிவதால் ஃபினோடு தொடும் பரப்பு கூடி அந்தக் குறை ஈடாகிவிடுகிறது. எனவே "செம்புதான் குளிர்விக்கும், அலுமினியம் குளிர்விக்காது" என்ற பேச்சில் உண்மையில்லை. நான் அதைத் தவிர்த்த காரணம் வேறு. அலுமினியத்தில் ஓட்டை விழுந்தால் டிக் வெல்டிங் தெரிந்த நல்ல கை வேண்டும். எங்கள் பகுதியிலிருந்து அதற்கு மதுரைக்குப் போக வேண்டும். பித்தளையும் செம்பும் என்றால் ஒரு டார்ச்சும் ஈயக் குச்சியும் இருக்கும் எந்தச் சிற்றூரிலும் வேலை நடக்கும். ஆகவே மூன்றாவது வழியைப் பிடித்தேன்: பழைய டேங்குகள், பழைய பக்கச் சட்டங்கள், புதிய செப்பு ஃபின் கோர். பிளாஸ்டிக் டேங்க் ரேடியேட்டரைவிட விலை கூடத்தான் செய்தது. ஆனால் துளைகள், ஹோஸ் கழுத்துகள் எல்லாம் பழைய இடத்திலேயே இருந்ததால், கிரில்லில் எதையும் வெட்டவோ வளைக்கவோ வேண்டியிருக்கவில்லை.

அடுத்து வந்த கேள்வி எத்தனை வரிசைக் குழாய் என்பது. பலரும் இங்கேதான் ஆசைப்படுகிறார்கள். என் வண்டியில் இருந்தது மூன்று வரிசை. நான்கு வரிசை போட்டுக்கொள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான்காவது வரிசையைத் தொடும்போது காற்று ஏற்கெனவே மூன்று வரிசைகளின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு வந்திருக்கும். அதோடு கோர் தடிமனானால் காற்று நுழைவதும் கடினம். வேகமாக ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று தள்ளிக்கொடுக்கும். ஊர்ந்து ஏறும் வண்டிக்குப் பெல்ட்டில் சுழலும் ஒரே ஃபேன்தான் துணை. ஃபின் நெருக்கத்துக்கும் இதே கதை. அடர்த்தியான ஃபின் தாளில் நன்றாக இருக்கும். ஏலத்தோட்டப் பாதையில் புல்விதையும் சேறும் பூச்சியும் அதில் புகுந்து உட்கார்ந்தால் மறுநாளே கதவடைத்தாற்போல ஆகிவிடும். மூன்று வரிசை, சற்றே இடைவெளி விட்ட ஃபின் என்று கேட்டு வாங்கினேன். பட்டறை அண்ணனும் அதற்கு உடன்பட்டார்.

உண்மையான மாற்றம் ஃபேன் உறையால் வந்தது என்று அடித்துச் சொல்வேன். பல பழைய ஜீப்புகளில் அந்தத் தகட்டு உறையைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள், பெல்ட் மாற்ற இடைஞ்சல் என்று. உறை இல்லாவிட்டால் ஃபேன் தன் வட்டத்துக்கு நேரே உள்ள பகுதியில் மட்டும் காற்றை இழுக்கும். கோரின் நான்கு மூலைகளும் சும்மா கிடக்கும். தகட்டில் உறை செய்து, இறக்கை நுனிக்கும் உறைக்கும் நடுவே ஏறக்குறைய ஓர் அங்குல இடைவெளி விட்டு, இறக்கையின் அகலத்தில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்கும்படி வைத்தோம். அதன்பிறகு கொழுக்குமலை ஏற்றத்தில் முள் நடுக்கோட்டைத் தாண்டி மெல்ல உயர்கிறது, ஆனால் ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது. மேல் ஹோஸுக்கும் கீழ் ஹோஸுக்கும் எட்டிலிருந்து பத்து டிகிரி வரை வித்தியாசம் காட்டுகிறது.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் கீழ் டேங்கின் இடது மூலையில் பச்சையாக உப்புப் பூத்தது. ஈய இணைப்பில் மெல்லிய கசிவு. கழற்றி, தொட்டியில் முக்கிக் காற்றடித்துப் பார்த்து, ஈயம் வைத்துத் திரும்பப் பொருத்த ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. கசிவுக்குக் காரணம் இறுகிப்போன தாங்கு ரப்பர்கள். ரப்பர் கல்லாகிவிட்டால் சட்டத்தின் அதிர்ச்சி முழுவதும் டேங்க் இணைப்பில் இறங்கும். இப்போது ரப்பர்களை ஆண்டுக்கொருமுறை பார்த்து மாற்றிவிடுகிறேன். எடையும் அலுமினியத்தைவிட அதிகம்தான். கழுவும்போது எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாக, குழாயின் சாதாரண விசையில் நீர் விட வேண்டும். சர்வீஸ் நிலையத்து அழுத்தக் குழாயை நேராகக் காட்டினால் செப்பு ஃபின்கள் மடிந்து போகும்.

வழியில் கசிவு வந்தால் மஞ்சள் தூளைக் கொட்டும் வழக்கம் இங்கே உண்டு. நடுக்காட்டில் வீடு சேர அது உதவுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஊர் சேர்ந்த உடனே முழுவதையும் வடித்துக் கழுவிவிட வேண்டும். ஓட்டையை அடைத்த அதே தூள் நல்ல குழாயையும் அடைக்கும்.

போர் தண்ணீரை என் வண்டி இப்போது தொடுவதே இல்லை. டிஸ்டில்டு வாட்டரில் மூன்றில் ஒரு பங்கு பச்சைக் கூலன்ட். நமக்கு உறைபனிப் பயம் கிடையாது. கூலன்ட்டில் வேண்டியது துருவும் அரிப்பும் தடுக்கும் மருந்துதான். கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் என்ற திரவம் கூடக்கூட நீரின் வெப்பம் சுமக்கும் திறன் குறையும் என்பதால் பாதிக்குப் பாதி ஊற்றுவதில் எனக்கு விருப்பமில்லை. வேறு நிறக் கூலன்ட்டை இதோடு கலக்கவும் வேண்டாம். ஒத்துப்போகாத வகைகள் சேர்ந்தால் கூழாகிவிடும்.

மூடியில் சிக்கனம் பார்க்காதீர்கள். 2,000 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 13 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) மூடி சரியாக அழுத்தம் பிடித்தால் அங்கேயும் ஏறக்குறைய 115 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வெடித்த மூடி அந்த இருபது டிகிரியையும் பறித்துவிடும். அப்போது எந்தக் கோர் போட்டிருந்தாலும் நீர் வெளியே பொங்கும். அதற்காக வண்டிக்குச் சொன்ன அளவைவிட அழுத்தம் கூடிய மூடியையும் போடக்கூடாது; பழைய டேங்கின் ஈய இணைப்புதான் முதலில் விடும். கோர் போடக் கொடுக்கும்போது மூடியையும் பட்டறைக்கு எடுத்துப்போங்கள். கழுத்தின் ஆழத்துக்கு அது பொருந்துகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.