ஒன்நோட் குறிப்புகளை மாற்றித் தருவதாகச் சொல்லும் கடைகள்: கல்லூரிக் கணக்கு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

போன மே மாதம் கல்லூரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். என்னுடைய ஒன்பது வருடக் குறிப்புகள் மைக்ரோசாஃப்டின் குறிப்பெழுதும் செயலியான ஒன்நோட்டில், கல்லூரி கொடுத்த கணக்கில் இருந்தன. மதுரைப் பக்கத்து மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு என்று சனி ஞாயிறுகளில் மலையேறித் தமிழி (பழந்தமிழ் எழுத்து) கல்வெட்டுகளைப் பார்த்து எழுதியவை, படங்கள், ஊர்ப் பெரியவர்கள் சொன்ன விவரங்கள். கணக்கை மூடிவிடுவார்கள் என்று தெரிந்துதான் மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். என் சொந்த ஒன்டிரைவுக்கு (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடம்) மாற்ற வேண்டும், பென் டிரைவில் ஒரு பிரதியும் வேண்டும் என்றேன். 2,500 ரூபாய் கேட்டார்கள்.

அரை மணி நேரத்தில் முடிந்தது. “எல்லாம் வந்துருச்சு, பாருங்க மேடம்” என்று கடைத் தம்பி என் போனிலேயே திறந்து காட்டினார். ஐந்து நோட்புக்கும் இருந்தன. பணத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

ஜூலையில் ஒருநாள் எதுவுமே திறக்கவில்லை. பென் டிரைவைச் செருகினால் ஐந்து பெயர்களும் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் 1 கேபி. படங்களோடு சேர்த்து 3 ஜிபிக்கு மேல் இருந்த குறிப்புகள்!

நடந்தது இதுதான். அவர்கள் எதையும் மாற்றவே இல்லை. கல்லூரிக் கணக்கில் இருந்த நோட்புக்கை என் சொந்தக் கணக்குக்கு ‘ஷேர்’ மட்டும் செய்திருக்கிறார்கள். பார்க்கும் அனுமதிதான் எனக்கு வந்தது, குறிப்புகள் பழைய இடத்திலேயே கிடந்தன. கணக்கை மூடியதும் அவையும் போய்விட்டன. பென் டிரைவில் இருந்தவை வெறும் இணைப்புகள். ஒன்டிரைவில் உள்ள ஒன்நோட் நோட்புக் கணினியின் ஃபோல்டரில் ஒரு இணைப்பாகத்தான் தெரியும். அதைக் காப்பி செய்தால் உள்ளே இருக்கும் ஒரு வரிகூட வராது. இந்த வேலைக்குக் காசு வாங்குகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். திரும்பப் போய்க் கேட்டதற்கு, “நாங்க குடுக்கும்போது ஓப்பன் ஆச்சுல்ல மேடம்” என்றார்கள். பணமும் திரும்பவில்லை.

கல்லூரியில் விசாரித்தேன். கணக்கை நீக்கினாலும், நிர்வாகி வேறு கெடு வைக்காவிட்டால், அதன் ஒன்டிரைவ் 30 நாள் வரை இருக்குமாம். அதற்குள் கேட்டிருந்தால் மீட்டிருக்கலாம். நான் போனபோது அந்தக் கெடு தாண்டிவிட்டது.

கொஞ்சம் காப்பாற்றியது விசைப்பலகை கெட்டு டிசம்பரில் ஓரங்கட்டிய பழைய லேப்டாப். அதை இணையத்தில் இணைக்காமல் திறந்து, ஒன்நோட்டில் ஃபைல், இன்ஃபோ, ‘ஓபன் பேக்கப்ஸ்’ என்று போனால் டிசம்பர் வரை எழுதியவை இருந்தன. அக்கா மகன் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தான்.

நீங்கள் மாற்றுவதாக இருந்தால் கணினியில் நிறுவிய ஒன்நோட்டில் இரண்டு கணக்கையும் திறந்துகொள்ளுங்கள். சொந்தக் கணக்கில் புதிய நோட்புக் ஒன்றை உருவாக்கி, பழையதன் ஒவ்வொரு செக்‌ஷனையும் வலது கிளிக் செய்து ‘மூவ் ஆர் காப்பி’யில் ‘காப்பி’ கொடுங்கள். சிங்க், அதாவது எல்லாம் இணையத்தில் ஏறுவது, முடியும்வரை பொறுங்கள், படங்கள் நிறைய இருந்தால் மணிக்கணக்கில் ஆகும். பிறகு சொந்த ஒன்டிரைவில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. என்னுடையதில் 3 ஜிபி ஏறியிருக்க வேண்டும், அளவு அசையவே இல்லை. அதைக் கடையிலேயே பார்த்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன். பென் டிரைவுக்கு ஃபைல் மெனுவில் ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து முழு நோட்புக்கையும் ஒரே கோப்பாக எடுங்கள்.

ஜனவரிக்குப் பிறகு போனில் எழுதியது ஒன்றும் கிடைக்கவில்லை. கிரானைட் குவாரிகள் வருவதற்கு முன்னால் கீழவளவுக் குன்றுகள் எப்படி இருந்தன என்று ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் ஒன்றரை மணி நேரம் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருந்தேன். அதுவும் அதில்தான் இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரைத் தேடிப் போகிறேன்.