மேல் கழுத்தெலும்பு விலகலுக்கு மென்மையான மசாஜ்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

பிடரியின் வலப்பக்கத்தில் தொடங்கி, காதுக்குப் பின்னால் ஏறி, கண்ணுக்கு மேல் வந்து நிற்கும் தலைவலி எனக்கு நெடுங்காலம் இருந்தது. ஒற்றைத் தலைவலிக்கான மாத்திரைகளுக்கு அது அடங்கவில்லை. கழுத்தை வலப்பக்கம் திருப்பினால் கூடியது. வாயைத் திறந்தபடி எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்த ஒரு மசாஜ் நிலையத்தார், முதல் கழுத்தெலும்பாகிய அட்லஸ் விலகியிருப்பதாகவும், ஒரே அமர்வில் அதைப் பழைய இடத்தில் பொருத்திவிடலாம் என்றும் கூறினர். கேட்ட தொகையும் உறுதியளித்த வேகமும் சேர்ந்து ஐயத்தைக் கிளப்பவே, அதே படத்தோடு எலும்பு மருத்துவரிடம் சென்றேன்.

படம் எடுக்கையில் தலை சற்றுத் திரும்பியிருந்தாலே, இரண்டாம் கழுத்தெலும்பிலிருந்து அட்லஸுக்குள் மேல்நோக்கி நீண்டிருக்கும் முளைக்கு இருபுறமும் உள்ள இடைவெளி சமமின்றித் தெரியும் என்றும், எந்தத் தொல்லையும் இல்லாதவர்களிடமும் இந்த ஏற்றத்தாழ்வு காணப்படும் என்றும் அவர் விளக்கினார். அந்த முளையைப் பிடித்துவைத்திருக்கும் குறுக்குத் தசைநார் விபத்தாலோ முடக்குவாதத்தாலோ சேதமடைந்து எலும்பு நிலை தவறுவதுதான் உண்மையான விலகல். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கும் அந்தத் தசைநார் தளர்ந்திருக்கக்கூடும். அத்தகையோரின் கழுத்தில் மசாஜுக்காகக் கை வைக்கவே கூடாது. எனக்கு அது இல்லை என்பதைக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த படங்களால் உறுதிசெய்த பிறகே பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார்.

அட்லஸுக்கு மற்ற முள்ளெலும்புகளைப் போல உடல்பகுதி கிடையாது. அது வெறும் வளையம். நான்கைந்து கிலோ எடையுள்ள தலை அதன்மேல் அமர்ந்திருக்கிறது; கழுத்தின் திருப்பத்தில் ஏறக்குறைய பாதி அதற்கும் இரண்டாம் எலும்புக்கும் இடையில்தான் நிகழ்கிறது. மண்டையோட்டின் அடிவிளிம்பையும் இந்த இரண்டு எலும்புகளையும் நான்கு இணைச் சிறு தசைகள் கட்டியிருக்கின்றன. மேல் கழுத்து நரம்புகளும் முகத்தின் உணர்வு நரம்பும் மூளைத்தண்டுப் பகுதியில் ஒரே இடத்தில் கூடுவதால், பிடரியில் பிறக்கும் வலி கண்ணுக்கு மேல் உணரப்படுகிறது.

சிகிச்சை பார்ப்பதற்கு ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். மல்லாந்து படுத்த என் தலைமாட்டில் அமர்ந்து, இரு கைவிரல்களையும் மடக்கி, மண்டையோட்டு விளிம்புக்குக் கீழே நுனிகளை வைத்துவிட்டு பிசியோதெரபிஸ்ட் அசையாமல் இருப்பார். எண்ணெய் கிடையாது, அழுத்தித் தேய்ப்பதும் கிடையாது. தலையின் எடையே அழுத்தம். பேசினால் தாடையோடு பிடரித் தசையும் இறுகுகிறது என்பதால் பேசக் கூடாது. சில நிமிடங்களில் வலப்பக்கத்து முடிச்சு விரல்நுனிக்கு மேல் மெல்ல இளகுவது எனக்கே தெரியும். சில வேளைகளில் கண்ணுக்கு மேலிருக்கும் பழகிய வலி அப்போது தலைகாட்டி, பிறகு வடியும். அந்த இடத்தைத் தொட்டால் அதே வலி கிளம்புவதுதான், கோளாறு கழுத்தில் இருப்பதற்கு நல்ல அறிகுறி என்றார் அவர்.

தொடக்கத்தில் மசாஜ் முடிந்த மறுநாள் கழுத்து கனத்தது, அடுத்த சில நாள்கள் சுகமாக இருந்தன, வாரக் கடைசியில் வலி திரும்பியது. மசாஜை மட்டும் நம்பியிருந்தால் இந்தச் சுற்று முடிந்திருக்காது என்பதே என் கணிப்பு. தாடையை லேசாக உள்ளிழுத்து, ‘ஆமாம்’ என்பது போல மிகச் சிறிதாகத் தலையசைத்து நிறுத்தும் பயிற்சி சேர்ந்த பிறகுதான் இடைவெளிகள் நீண்டன. பிடரியிலிருந்து வரும் தலைவலி குறித்து 2002-இல் வெளியான, 200 பேர் பங்கேற்ற ஆஸ்திரேலிய ஆய்விலும் கைச்சிகிச்சை, உடற்பயிற்சி இரண்டுமே பயனளித்தன. பலன் ஓராண்டுக்குப் பிறகும் நீடித்தது. மாதக்கணக்கில் அந்தப் பயிற்சியைச் செய்வது சலிப்பானது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முடிதிருத்தும் கடைகளில் கழுத்தை வெடுக்கென்று திருப்பி நெட்டி எடுக்கும் வழக்கத்தை இதோடு குழப்பிக்கொள்ளலாகாது. மூளைக்குச் செல்லும் இரண்டு தமனிகள் அட்லஸின் துளைகள் வழியே ஏறி, அங்கே வளைந்து செல்கின்றன; திடீர்த் திருப்பத்தால் அவற்றின் உட்சுவர் கிழிவது அரிதென்றாலும் பக்கவாதம் வரை கொண்டுபோகக்கூடும். இதுவரை காணாத கடும் கழுத்துவலி, இரட்டைப் பார்வை, நாக்குழறல், கைகால் மரத்தல் இருப்பவர் போக வேண்டியது மருத்துவமனைக்கே.

இப்போது நீண்ட பேருந்துப் பயணத்துக்குப் பிறகோ, மடிக்கணினியில் குனிந்தே கழிந்த வாரத்துக்குப் பிறகோ மட்டும் மசாஜுக்குச் செல்கிறேன். மாத்திரை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. முகவாயை நெஞ்சில் பதித்துக்கொண்டு தலையைத் திருப்பும் சோதனையில் இருபுறமும் 44 பாகை அளவுக்குத் திரும்புவது இயல்பு. என் வலப்பக்கம் முன்பைவிட நன்றாகத் திரும்பினாலும் இடப்பக்கத்தை இன்னும் எட்டவில்லை. பின்னர் வேறொரு காரணத்துக்காக எடுத்த எக்ஸ்ரேயில் முளையின் இருபுற இடைவெளிகள் முன்பு போலவே சமமின்றித்தான் இருந்தன.