தொப்பூர் கணவாயில் டீசல் கொட்டினால்: மணலா, உறிஞ்சு விரிப்பா?

தேசிய நெடுஞ்சாலை 44-இல் தொப்பூர் இறக்கத்தில் டேங்கர் லாரி கவிழ்ந்து டீசல் கொட்டினால், சாலையைப் பொறுத்தவரை மணல் மூட்டையே மேல்; எளிதில் கிடைக்கும், வடிகாலின் வாயை உடனே அடைக்கும். ஆனால் டீசல் ஓடைக்குள் இறங்கித் தொப்பையாற்றை நோக்கி நகர்ந்துவிட்டால், மணல் எண்ணெயோடு அடியில் படிந்து அகற்றக் கடினமான கசடாகிவிடும். பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையாலான உறிஞ்சு விரிப்போ தண்ணீரை ஏற்காமல் எண்ணெயை மட்டும் ஈர்த்துக்கொண்டு மிதப்பதால், அதை அப்படியே வாரி எடுத்துவிடலாம். (பெட்ரோல் என்றால், இரண்டுக்கும் முன்னதாகத் தீயணைப்பு நுரை வேண்டும்.) நீரில் கலந்த எண்ணெயை அகற்றுவது எவ்வளவு கடினம் என்பதை முன்பே பார்த்திருக்கிறோம்: 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதியபோது, கரையொதுங்கிய எண்ணெயை வாளிகளால் அள்ள நேர்ந்தது. விலை கூடுதலானாலும், கணவாயை ஒட்டிய சுங்கச்சாவடியிலேயே விரிப்புகளை இருப்பு வைப்பதையே நான் வலியுறுத்துவேன். மணலைப் பிறகும் வரவழைக்கலாம், ஓடையில் இறங்கிய டீசல் காத்திருக்காது.