தட்சிணசித்ரா: பொங்கல் விடுமுறையில் பிறர் வீட்டுக்கு ஒரு விருந்து

காணும் பொங்கலன்று மெரினாவில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பதுதான் சென்னையின் வழக்கம் என்றாலும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு வரை குடும்பத்தோடு போக மனமிருப்பவர்களுக்குத் தட்சிணசித்ராவைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். 1996-இல் திறக்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்தில் காட்சிப்பொருள்கள் வீடுகளே. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களில் இடிபட இருந்த பழைய வீடுகள் பலவற்றை வாங்கி, தூண், உத்தரம், கதவு எனப் பிரித்துக் கொண்டுவந்து, இங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். நிறுவியவர் அமெரிக்காவில் பிறந்து சென்னையில் குடியேறிய டெபோரா தியாகராஜன். வளாகத்தை வடிவமைத்தவர் இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தைத் தன் ஊராக்கிக்கொண்ட லாரி பேக்கர். நம் பாட்டன் வீட்டுத் தூணின் அருமையை நமக்கு எடுத்துச் சொல்ல வெளியிலிருந்து இருவர் வர வேண்டியிருந்ததை நினைத்தால் சற்று வெட்கமாகவும், அதைவிட அதிகமாக நன்றியாகவும் இருக்கிறது.

எங்களை அதிக நேரம் நிறுத்தி வைத்தது கோட்டயத்தை அடுத்த புதுப்பள்ளியிலிருந்து வந்த, கேரளத்தின் பழமையான கிறித்தவப் பிரிவினரான சிரியன் கிறித்தவர் வீடு. முழுக்க மரத்தால் ஆன அந்த வீட்டில், வாசலுக்கு நேர் எதிரே இருப்பது நெல் சேமிக்கும் அறை. தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த என் மாமியார் அதன் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நெல்லை வாசலுக்கு நேரா வெச்சிருக்காங்க பாரு, வர்றவங்க கண்ணுல முதல்ல அதுதானே படும்" என்றார். தைப்பொங்கலன்று புது அரிசியில் பொங்கலிட்டுச் சூரியனுக்குப் படைத்துவிட்டு வந்திருந்த எங்களுக்கு, வேறொரு சமயத்தவர் விளைச்சலுக்குக் கொடுத்திருந்த இடத்தைப் புரிந்துகொள்ள எந்த விளக்கப் பலகையும் தேவைப்படவில்லை. சிக்கமகளூருவில் முஸ்லிம் குடும்பம் ஒன்று வாழ்ந்த வீட்டுக்கும், கடலோர ஆந்திரத்தின் வட்டமான மண்வீட்டுக்கும் போனபோது, யாரும் சொல்லாமலே என் மகள் ஒவ்வொரு வாசலிலும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாள். ஆள் குடியில்லாத வீடுதான் என்றாலும் நான் தடுக்கவில்லை.

சிறுவர்களுக்குக் குயவர் சக்கரம் இருக்கிறது. கைவினைப் பொருள் கடையும் உண்டு. ஆட்டம் பாட்டத்தோடு பொழுதைக் கழிக்க நினைப்பவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது. திண்ணையில் உட்கார்ந்து முற்றத்து வெளிச்சத்தை வேடிக்கை பார்க்கப் பொறுமை வேண்டும். செட்டிநாட்டு வீடும் அக்ரகார வீடும் நமக்கு ஓரளவு பழக்கமானவை என்பதால் அவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, கால் வலிப்பதற்கு முன்பே அண்டை மாநில வீடுகளைப் பார்த்துவிடுவது நல்லது. வளாகத்தில் நிறைய நடக்க வேண்டியிருப்பதால், பெரியவர்களை அழைத்துச் செல்பவர்கள் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும். செவ்வாய்க்கிழமை விடுமுறை, காணும் பொங்கல் அந்தக் கிழமையில் வரும் ஆண்டில் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.