இலையை வைத்து வொயிட்பீம் மரங்களை இனம் காணுதல்: பல பருவப் பயன்பாட்டில் தெரிந்தவை

வொயிட்பீம் என்பது ஐரோப்பாவில் காணும், இலையின் அடிப்புறம் வெளுத்திருக்கும் மரவகை. அதை இனம் காணத் தேவையானவை மூன்றுதான்: பத்து மடங்கு கைலென்ஸ், மில்லிமீட்டர் ஸ்கேல், இலையைத் தட்டையாக அழுத்திவைக்கப் பழைய செய்தித்தாள். இத்தனை பருவங்கள் பயன்படுத்தியதில் கருவியால் தவறு வந்தது குறைவு. இலையைத் தேர்ந்தெடுப்பதில்தான் கோளாறே நடக்கிறது.

ஒரே மரத்தில் மூன்று நான்கு விதமான இலைகள் இருக்கும். நீண்டு வளரும் புதுக்கிளையின் இலையில் மடல்கள் (விளிம்பு உள்நோக்கி வெட்டுப்பட்டுப் பிரிந்த பகுதிகள்) மிகையாக ஆழமாகலாம். நிழலில் விரிந்தது அகன்று மெலிந்திருக்கும், அடிப்புற வெண்மையும் குறையும். தூரிலிருந்து கிளம்பிய தளிரின் இலை எந்த விளக்கத்துக்கும் அடங்காது. ஆகவே பூவும் காயும் இல்லாத குறுங்கிளையில், வெயில் படும் பக்கத்தில், நன்கு விரிந்த இலைகளாக ஐந்தாறு பார்க்க வேண்டும். ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். வசந்தத்தில் மேற்புறத்திலும் ரோமம் படர்ந்திருப்பதால் எல்லாம் வெள்ளையாகவே தெரியும்.

முதலில் அடிப்புறம். பொதுவான வொயிட்பீமான சோர்பஸ் ஏரியா (Sorbus aria) இனத்தில் வெண்பஞ்சு ஒட்டியதுபோல அடர்ந்த ரோமம். பக்க நரம்புகள் பெரும்பாலும் 10 முதல் 14 இணை. விளிம்பில் பற்கள் உண்டு, தெளிவான மடல் இல்லை. ஸ்வீடிஷ் வொயிட்பீமில் மடல் உண்டு, அடிப்புறம் சாம்பல் கலந்த வெண்மை, நரம்பு 7 முதல் 9 இணை. ஐயம் வந்தால் நரம்பை எண்ணுங்கள், நிறத்தை நம்பிவிடாதீர்கள்.

வொயிட்பீமின் உறவான காட்டு சர்வீஸ் மரத்தை மேப்பிள் என்று நினைப்பவர்கள் ஏராளம். மேப்பிளில் இலைகள் எதிரெதிராக அமையும், இதில் ஒன்றுவிட்டு ஒன்றாக. காட்டு சர்வீஸில் அடி மடல் இணைதான் மிக ஆழமாகப் பிரிந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும், அடிப்புறம் பச்சை. உண்மையான சர்வீஸ் என்ற வேறொரு மரமோ, இன்னொரு உறவு மரமான ரோவனைப் போலவே ஒரே காம்பில் பல சிற்றிலைகள் கொண்டது. அங்கே இலையை விட்டு மொட்டைப் பார்க்க வேண்டும்: பச்சையாகப் பிசுபிசுவென்றிருந்தால் சர்வீஸ், ஊதா கலந்த பழுப்பில் ரோமத்தோடு இருந்தால் ரோவன்.

சிக்கல் உண்மையில் தொடங்குவது கலப்பினங்களில். இவற்றில் பல கருவுறாமலே விதை உண்டாக்குவதால் தாயின் நகலாகவே பெருகி, சிறு இடத்துக்குள் தனி இனமாக நிலைத்துவிடுகின்றன. பிரிஸ்டல் அருகே ஏவன் பள்ளத்தாக்கும் ஸ்காட்லாந்தின் ஆரன் தீவும் இதற்குப் பேர்போனவை. இங்கே மூன்று அளவுகள் கைகொடுக்கும்: நீளத்தை அகலத்தால் வகுத்த விகிதம், இலை எந்த உயரத்தில் மிக அகலம், மடலின் வெட்டு நடுநரம்பை நோக்கி எவ்வளவு தூரம் போகிறது. எல்லா இலைகளையும் அளந்து சராசரி எடுங்கள். ஒற்றை இலையின் எண் ஏமாற்றும். அடியில் ஓரிரு இணைச் சிற்றிலைகள் முழுதாகப் பிரிந்து நின்றால் ரோவனின் கலப்பை எதிர்பார்க்கலாம்.

இலையின் ஓரம் சுருண்டிருந்தால் படத்தில் அகலம் குறைந்து விகிதமே மாறிவிடும். கண்ணாடித் தகடு வைத்து அழுத்தி, இருபுறமும், பக்கத்தில் ஸ்கேலோடு படம் எடுங்கள். கைபேசிச் செயலி பேரினம்வரை உதவும்; அரிய இனத்தைப் பொதுவான வொயிட்பீம் என்று சொல்லிவிடும் என்பதால் அதன் முடிவைப் பதிவேட்டில் ஏற்றக் கூடாது. அரிய மரம் என்று தோன்றினால் இலையைப் பறிக்காமல் கிளையிலேயே படம் எடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்து, பழம் சிவந்த பிறகு மறுபடி போய் அதன் நீள அகலத்தையும் தோலிலுள்ள புள்ளிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.