வெந்தயம், பட்டை கலந்த காலைப் பானத் தூள்: ஒரு மதிப்பீடு

ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க உதவும் என்று சொல்லி, காலையில் வெந்நீரில் கலந்து குடிப்பதற்காக விற்கப்படும் வெந்தயம், இலவங்கப்பட்டைத் தூளைத் தொடர்ந்து பயன்படுத்திப் பார்த்த பின் இதை எழுதுகிறேன். சுவையில் குறை சொல்ல இடமில்லை. வெந்தயத்தின் கசப்பைப் பட்டையின் மணம் பெரும்பாலும் அடக்கிவிடுவதால், இனிப்பு எதுவும் சேர்க்காமலே குடிக்க முடிகிறது. கொதிநீரை நேரடியாக ஊற்றினால் தூள் கட்டிதட்டிவிடும். முதலில் சிறிது ஆறிய நீரில் குழைத்துக்கொண்டு, பிறகு வெந்நீர் சேர்ப்பதே நல்லது.

கலக்கிச் சற்று நேரம் வைத்திருந்தால் பானம் கொழகொழவென்று ஆகிவிடுகிறது. இதைக் கலப்படம் என்று எண்ண வேண்டியதில்லை. வெந்தயத்தின் கரையும் நார்ச்சத்து நீரை உறிஞ்சுவதால் அப்படி ஆகிறது. உணவு இரைப்பையிலிருந்து இறங்கும் வேகத்தைத் தணித்து, சாப்பிட்டபின் சர்க்கரை சட்டென ஏறாமல் தடுக்க உதவுவதும் அதே நார்ச்சத்துதான். ஆகவே அடியில் தங்குவதையும் கலக்கிக் குடிக்க வேண்டும். வடிகட்டிக் குடிப்பவர் பயனில் பெரும்பகுதியைக் கீழே கொட்டிவிடுகிறார்.

மூலப்பொருள் பட்டியல் எனக்கு நிறைவளிக்கவில்லை. இத்தகைய தூள்கள் சிலவற்றில் சேர்க்கப்படும், சர்க்கரையை வேகமாக ஏற்றும் மால்டோடெக்ஸ்ட்ரின் இதில் இல்லை என்பது பாராட்டத்தக்கது. ஆனால் எந்த வகைப் பட்டை, எத்தனை கிராம் என்ற விவரம் எங்கும் இல்லை. காசியா வகைப் பட்டையில் கூமரின் என்ற இயற்கை வேதிப்பொருள் கணிசமாக உண்டு. அளவு மீறினால் அது சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கக்கூடும். இலங்கைப் பட்டையில் அது மிகக் குறைவு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த வரம்பின்படி, 60 கிலோ எடையுள்ளவர் தினமும் உட்கொள்ளத்தக்க கூமரின் 6 மில்லிகிராம்தான். ஒரு தேக்கரண்டி காசியாத் தூளே அதை எட்டவோ தாண்டவோ கூடும். நாள்தோறும் குடிக்கச் சொல்லும் பொருளில் இந்த விவரத்தை விட்டுவிடுவது சரியன்று.

காலைச் சர்க்கரை உடனே குறையும் என்று உறையில் அச்சிட்டிருப்பதையும் நான் ஏற்கவில்லை. விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்களின் தூண்டுதலால் கல்லீரல் குளுக்கோஸை வெளியிடுகிறது. எழுந்தபின் குடிக்கும் பானம் ஏற்கெனவே ஏறிவிட்ட அந்த அளவுக்குப் பொறுப்பேற்க முடியாது. மேலும், 2013ஆம் ஆண்டின் சர்வதேசத் தர விதி, வீட்டில் சர்க்கரை அளக்கும் குளுக்கோமீட்டர்களுக்கு, ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 100 மில்லிகிராமுக்குக் குறைந்த அளவுகளில் 15 மில்லிகிராம் வரையும், அதற்கு மேல் 15 விழுக்காடு வரையும் வேறுபாட்டை அனுமதிக்கிறது. ஆகையால் நேற்று 118, இன்று 108 என்று கண்டு மகிழ்வதில் பொருளில்லை. இரண்டு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையே தக்க சான்று.

சர்க்கரை சேர்த்த காலைத் தேநீரையோ காபியையோ விட்டுவிட்டு, அந்த இடத்தில் இதைக் குடிப்பவருக்கு நிச்சயமாகப் பரிந்துரைப்பேன். அந்த மாற்றம் ஒன்றே பயன் தரும். மாத்திரைக்குப் பதிலாக இதை நினைப்பவர் வாங்கவே வேண்டாம். இன்சுலின் அல்லது இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் இதையும் குடித்தால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கும் அபாயம் உண்டு. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. இந்த எச்சரிக்கைகளை உறையின் மூலையில் பொடி எழுத்தில் அச்சிடாமல், குடிக்கும் முறைக்குப் பக்கத்திலேயே தெளிவாக அச்சிட வேண்டும். பட்டையின் வகையையும் குறிப்பிட்டால் மீண்டும் வாங்குவேன்.