தயார்நிலை மாதிரி விமானமா, கிட் வாங்கிக் கட்டுவதா: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி விமானங்களில் மூன்று வகைகளைக் கோவைப் புறநகர்த் திடல் ஒன்றில் சில ஆண்டுகளாகப் பறக்கவிட்டு வருகிறேன். முதலாவது, ஒன்றரை மீட்டர் இறக்கை கொண்ட ஃபோம் பயிற்சி விமானம். மோட்டாரும், இறக்கையிலும் வாலிலும் உள்ள தகடுகளை அசைக்கும் சிறு கருவிகளான சர்வோக்களும் பொருத்தியே வரும், ரிமோட்டின் சைகையைப் பெறும் ரிசீவரும் பேட்டரியும் மட்டும் நாம் வைக்க வேண்டும். இரண்டாவது, ஏஆர்எஃப் எனப்படும் வகை. பால்சா மரத்தால் தொழிற்சாலையில் கட்டி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் பிலிம் ஒட்டி, நாம் கருவிகளைப் பொருத்தினால் போதும் என்ற நிலையில் விற்கப்படுவது. மூன்றாவது, வெட்டிய மரத்துண்டுகளும் வரைபடமுமாகக் கிட் பெட்டியில் வந்த சிக் நிறுவனத்தின் கேடெட் எல்டி-40. எழுபது அங்குல இறக்கை கொண்ட இந்த விமானம் 40 அளவு (0.40 கன அங்குல) எரிபொருள் எஞ்சினுக்காக வடிவமைக்கப்பட்டது. நான் மின்மோட்டார் வைத்துக் கட்டினேன். இவற்றில் ஃபோமும் கிட்டும் கொடுத்த பணத்துக்குத் தகுதியானவை என்பதும், நடுவில் நிற்கும் ஏஆர்எஃப் வகையைத்தான் மிகுந்த எச்சரிக்கையோடு வாங்க வேண்டும் என்பதும் என் முடிவு.

ஃபோம் விமானத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியைப் பிரித்த அன்று மாலையே பறக்கவிடலாம். இப்போது வருபவை பெரும்பாலும் இபிஓ எனப்படும் நுரைப்பொருளால் ஆனவை. நொடிகளில் இறுகி, தெர்மோகோலைக் கரைத்துவிடும் சயனோ பசை இதைக் கரைப்பதில்லை என்பதால், மூக்கு உடைந்தால் திடலிலேயே ஒட்டிவிட்டு அடுத்த பேட்டரியை மாட்டலாம். நசுங்கிய இடத்தில் வெந்நீர் ஊற்றினால் ஓரளவு மீண்டு எழும். தேய்மானம் வருவது வேறு இடங்களில். இறக்கையில் அசையும் தகடான ஐலரானும் வாலில் அசையும் தகடான எலிவேட்டரும் மடங்கும் கீல், தனிப் பாகமாக இல்லாமல் ஃபோமையே மெல்லியதாக அழுத்திச் செய்யப்பட்டிருக்கும். இரண்டாம் கோடையில் அதில் விரிசல் விடத் தொடங்கியது. சிறிய சர்வோக்களின் பிளாஸ்டிக் பற்கள் கரடுமுரடான தரையிறக்கங்களில் உதிர்கின்றன. சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவைத்தால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கை முழுமையாக எடுப்பது கடினம்.

இவ்வகை விமானங்கள் பலவற்றில் இப்போது தானே சமநிலைப்படுத்தும் ஜைரோ சேர்ந்தே வருகிறது. புதிதாகக் கற்பவருக்கு அது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் எடைமையம் பின்தள்ளி இருந்தாலும், வால் சற்றே கோணலாக ஒட்டப்பட்டிருந்தாலும், ஜைரோ அதை இடைவிடாமல் திருத்திக்கொண்டே இருப்பதால் குறை வெளியே தெரியாது. ஆகவே இந்தக் கருவி உள்ள விமானத்தின் கட்டுமானத் தரத்தைப் பறத்தலை மட்டும் வைத்து மதிப்பிடுவது தவறு. ஒருமுறையாவது ஜைரோவை அணைத்துவிட்டு, போதிய உயரத்தில் ரிமோட்டின் குச்சிகளிலிருந்து கைகளை எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஏஆர்எஃப் விமானத்தின் சிக்கல், அதன் தரம் முழுவதும் பளபளப்பான பிலிமுக்கு அடியில் ஒளிந்திருப்பதுதான். நான் வாங்கியது பார்வைக்கு அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. பிலிம் மடிப்புகளில் ஒரு சுருக்கம்கூட இல்லை. சாதாரணமாகத் தரையிறங்கிய ஒரு நாளில் சக்கரத் தண்டு தன் மரக்கட்டையோடு பெயர்ந்து வந்தது. கட்டையைத் திருப்பிப் பார்த்தபோது ஓரத்தில் மட்டும் பசை ஒரு கோடாக உறைந்திருந்தது. ஒட்ட வேண்டிய முகப்பில் மரத்தின் நிறம் மாறவே இல்லை, பசை அங்கே தொட்டதற்கான தடயமே இல்லை. பிறகு பேட்டரி மூடியின் வழியாக டார்ச் அடித்துப் பார்த்ததில், மோட்டார் திருகப்படும் முன்பலகையின் இணைப்பும் ஏறக்குறைய அதே நிலையில் இருந்தது. நாலு திருகுகளில் மோட்டாரின் முழு இழுவிசையையும் தாங்கும் பலகை அது. காற்றில் கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இந்த வகையை வாங்குபவர் பறக்கவிடுவதற்கு முன் செய்ய வேண்டியது தெளிவானது. முன்பலகையின் உள்மூலைகளில் மெதுவாக இறுகும் எபாக்சி பசையைக் கரையிட்டுப் பூச வேண்டும். கண்ணுக்குத் தெரியும் இணைப்புகள் அனைத்திலும் நீர்போன்ற மெல்லிய சயனோவைச் சொட்டுச் சொட்டாக ஊற வைக்க வேண்டும். ஒவ்வொரு கீலையும் நன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். பிலிமும் தன் பங்குக்கு வேலை வைக்கும்: நம் ஊர் வெயிலில் தளர்ந்து அலையலையாகிவிடும், இஸ்திரி வைத்து மீண்டும் இழுக்க வேண்டும்; மலிவான பிலிமாக இருந்தால் சூட்டில் நிறமே பசையோடு வழுக்கி நகரும். இத்தனையும் செய்து முடித்தால் நல்ல விமானம்தான். ஆனால் கட்டும் வேலையைத் தவிர்க்கவே கூடுதல் பணம் கொடுத்தோம் என்பதை அப்போது நினைக்காமல் இருக்க முடியாது.

கேடெட்டைக் கட்டி முடிக்க மாலைகளும் ஞாயிறுகளுமாகப் பல மாதங்கள் ஆயின. அதற்குப் பொறுமை வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் முதலில் வேண்டியது கோணாத ஒரு பலகை. வரைபடத்தை அதன்மேல் விரித்து, பசை ஒட்டாமலிருக்க மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, இறக்கையின் நீளவாக்குத் தாங்குகுச்சியான ஸ்பாரைக் குண்டூசிகளால் பிணைத்து, இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் தகடுகளான ரிப்களை ஒவ்வொன்றாக நிறுத்தும்போது அடிப்பலகை நேராக இருந்தால் இறக்கையும் நேராக வரும். லேசரில் வெட்டிய ரிப்களின் விளிம்பு கருகியிருக்கும். அந்தக் கருக்கலை உப்புத்தாளால் லேசாக எடுத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும், இல்லையென்றால் பசை மரத்துக்குள் இறங்காது. பால்சா ஒரே மாதிரியான மரமும் அல்ல. ஒரே அளவில் வெட்டிய இரண்டு குச்சிகளில் ஒன்று மற்றதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை இருக்கலாம். சமையலறைத் தராசில் எடைபோட்டு, இணையானவற்றை இரு இறக்கைகளுக்கும் பிரித்து வைத்து, கனமானவற்றை மூக்குப் பகுதிக்கு ஒதுக்கினேன். இந்த வேலையைத் தொழிற்சாலையில் யாரும் நமக்காகச் செய்யப்போவதில்லை.

இரண்டரைக் கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள இந்த விமானம், பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களிலும் தன் பாதையில் நிதானமாக வந்து இறங்குகிறது. ஃபோம் விமானத்தை அந்நாட்களில் விடியலில் மட்டுமே எடுக்க முடியும். அப்படி ஒரு பலத்த காற்றில் கேடெட்டின் இறக்கை நுனி தரையில் இடித்து ரிப்கள் சில நொறுங்கின. வரைபடத்திலிருந்து வடிவத்தைப் பிரதியெடுத்து, பால்சாத் தகட்டில் வெட்டி, ஒட்டி, அந்த இடத்துக்கு மட்டும் பிலிம் போட்டதோடு வேலை முடிந்தது. இதே சேதம் ஏஆர்எஃபுக்கு வந்திருந்தால், வரைபடம் இல்லாத நிலையில், முழு இறக்கையையும் உதிரியாகத் தேட வேண்டியிருக்கும்.

அந்த உதிரி கிடைக்குமா என்பது வேறு கதை. கிரேட் பிளேன்ஸ் உள்ளிட்ட பெயர்களில் விற்றுவந்த அமெரிக்காவின் ஹாபிகோ நிறுவனம் 2018 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரியபோது, அதன் பல விமானங்களுக்கு உதிரிகள் அருகிப்போயின. இந்தியாவில் 2022 பிப்ரவரியில் முழு ட்ரோன்களின் இறக்குமதிக்குத் தடை வந்ததிலிருந்து, ரிமோட்டில் பறக்கும் எந்தப் பெட்டியையும் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது சுங்கத்தில் என்னாகுமோ என்ற கவலையோடு செய்யும் காரியமாகிவிட்டது. உதிரிபாகங்களுக்கு அந்தத் தடை இல்லை; மோட்டாரையும் சர்வோவையும் தனித்தனியாக வாங்கி, உள்ளூரில் லேசரில் வெட்டித் தரும் கிட்டில் பொருத்துவது இப்போது எளிய வழி.

இதனால் கிட் மலிவு என்று கருதிவிட வேண்டாம். ரிமோட், மோட்டார், பேட்டரி, சார்ஜர் எல்லா வகைக்கும் பொதுவான செலவு. கிட்டுக்கு மேலே பிலிம் சுருள்கள், இரண்டு மூன்று வகைப் பசைகள், சக்கரங்கள், கம்பிகள், பிலிம் இஸ்திரி என்று வாங்கி முடிக்கும்போது, பெட்டிக்குக் கொடுத்த அளவுக்குப் பக்கத்தில் இன்னொரு தொகை போயிருக்கும். பால்சாவுக்குப் பெரும்பாலும் ஈக்வடாரை நம்பியிருக்கும் நிலையில், 2020 வாக்கில் காற்றாலை இறக்கைகளுக்காக அந்த மரம் பெருமளவில் வாங்கப்பட்டதால் விலை வெகுவாக ஏறியது. கணக்குப் பார்த்தால் ஃபோம்தான் குறைந்த செலவு; ஆனால் அதன் ஆயுள் முடிந்தபின் எஞ்சுவது சர்வோக்களும் மோட்டாரும்தான்.

விற்கும் நிலை வந்தால் கிட் கட்டியவருக்கே நட்டம் அதிகம். கேடெட்டைக் கேட்டு வந்தவர்கள் மோட்டாருக்கும் ரிசீவருக்கும் விலை பேசினார்கள். கட்டிய உழைப்புக்கு யாரும் ஒரு ரூபாய்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. அதே நேரம், பிறர் கட்டிய விமானத்தை வாங்க விரும்புகிறவருக்கு இது நல்ல வாய்ப்பு. பேட்டரி மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, இணைப்புகளில் பசை சீராக ஊறியிருந்தால், புதிய ஏஆர்எஃபைவிட அதைத் தைரியமாக வாங்கலாம்.